ஒற்றைப்படை எண் என்னுடையது

என் செல்விக்குட்டிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பவித்ரா நன்றாக இருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். உன் வீட்டுக்காரர் காலையில் தானே சோறு வடித்து அவளுக்கு டப்பா கட்டிக் கொடுக்கிறாராம். உப்புதான் இன்னும் கைக்கு அகப்படவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். மங்கலம் கண்மாய் இந்த வருஷம் நிறைந்து கிடக்கிறது. உன் அண்ணன்மார் எல்லா வயலிலும் நட்டுவிட்டார்கள். நல்ல சேதிகளை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்லப் போவது வேறு.

நாம் படித்த கல்லூரியில் உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். "நீங்கதான் அவுங்களுக்கு ரொம்ப நெருக்கம், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். மூன்று முறை உட்கார்ந்தேன். 'என் உயிர்த்தோழி செல்வி' என்று ஆரம்பித்து, அதற்கு மேல் கை ஓடவில்லை. அதனால் அவர்களுக்கு எழுதாமல் உனக்கே எழுதுகிறேன். இதைப் போடுவதென்றால் போட்டுக்கொள்ளட்டும். பவித்ரா படித்துவிட்டுச் சரி என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், நீ ஒரு சுளைக்கு மேல் வாங்கவில்லை. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"ரகுமத்து, என் சைக்கிள பவித்ரா கேக்குறா. அதப் பிரிச்சுக் கோக்குறது நீயாத்தான் இருக்கணும்."

"சரி புள்ள, பண்ணிருவோம். இப்ப அதுக்கு என்ன அவசரம்?"

"வேற எவன் கையிலயும் குடுத்துறாத. முழுசாப் பிரிக்கணும். நீயே பிரிக்கணும்."

எலும்பும் தோலுமாகக் கிடந்த கையில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டும் வரை அழுதேன். சாகிற நேரத்தில் என் கைவேலையை இவ்வளவு நம்புகிறாளே என்று அழுதேன், செல்வி. நான் எவ்வளவு பெரிய பைத்தியக்காரி!

நீ போன மூன்றாம் மாதம் பவித்ரா உன் சைக்கிளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, ராமநாதபுரத்தில் என் கூடப்பிறந்த காக்காவும் நானும் பார்க்கும் சைக்கிள் கடைக்குக் கொண்டு வந்தாள். டயர் இற்றுப்போயிருந்தது. செயின் துருவாகி ஒரே கட்டையாக நின்றது. "பிரேமும் போர்க்கும்தான் தேறும், மத்ததெல்லாம் புதுசு போடணும்" என்றேன். தை பிறந்ததும் அவளுக்குப் பல்கலைக்கழக அணித் தேர்வு. "அம்மா வண்டியிலதான் போவேன் பெரியம்மா" என்றாள்.

நீ ஓட்டினவள், பிரித்தவள் இல்லை. அதனால் உனக்கு இந்த வேலை தெரியாது. ஒரு ரேஸ் சைக்கிளைக் கோப்பதற்கு முன்னால் வெறும் பிரேமைத் தயார் செய்ய வேண்டும். பழைய கிரீஸையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பெடல் அச்சு உட்காரும் குழலின் மரைகளில், மரை வெட்டும் டேப்புக் கருவியை விட்டு எடுத்து, அந்தக் குழலின் இரண்டு முகத்தையும் சமமாகச் சீவ வேண்டும். சீட் கம்பி இறங்கும் குழலை உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு, குழல்களுக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெயை ஊற்றி நாலா பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓடவிட வேண்டும். பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதல். அது கோணல் என்றால் எவ்வளவு விலை உயர்ந்த சாமான் போட்டாலும் வீண்.

பிரேமைக் கவிழ்த்துப் போட்டு அடியில் அப்பியிருந்த கசடைச் சுரண்டினேன். எண் தெரிந்தது. கடைசி இலக்கம் ஏழு.

உனக்கு மறந்திருக்காது. நாம் முதல் வருஷம் படிக்கும்போது, சார்ஜாவில் ஒரு சைக்கிள் கிளப்பை மூடியபோது என் வாப்பா அங்கிருந்து இரண்டு வண்டி வாங்கி கார்கோவில் அனுப்பினார். எனக்கு ஒன்று போதும் என்றுதான் இருந்தார். நான்தான் "செல்விக்கு இல்லாம எனக்கு மட்டும் வேணாம்" என்று போனில் அழுது அடம் பிடித்தேன். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே அளவு. ஹாஸ்டல் வராந்தாவில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தவள் நீதான். அடுத்தடுத்த எண்கள். ஒன்று ஏழில் முடிந்தது, ஒன்று எட்டில். "எனக்கு ரெட்டப்படைதான் ராசி. எட்டு எனக்கு, ஏழு ஒனக்கு" என்று பங்கு பிரித்ததும் நீதான்.

நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஏழுதான். அன்றைக்கு மத்தியானம் கடையைக் காக்காவிடம் விட்டுவிட்டு பெரியபட்டினம் பஸ் ஏறினேன். உம்மா வீட்டுப் பரணில் இத்தனை வருஷம் சாக்கில் சுற்றிக் கிடந்த என் சைக்கிளை இறக்கினேன். அதைப் பார்க்கவே பிடிக்காமல்தான் அங்கே போட்டிருந்தேன். அடியைத் துடைத்தேன். எட்டு.

அப்போதும் உன்மேல் சந்தேகம் வரவில்லை. எப்போதோ கழுவும்போது மாறியிருக்கும் என்றுதான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு பிரேமையும் கடையில் பக்கம் பக்கமாக வைத்து நூல் கட்டினேன். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் சீட் குழலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஏழாம் எண்ணில் இரு பக்கமும் முப்பத்தொரு மில்லி. எட்டாம் எண்ணில் ஒரு பக்கம் இருபத்தேழு, மறு பக்கம் முப்பத்தைந்து. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்பாகம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது தானாக வராது. பக்கவாட்டில் பலமாக ஒரு இடி வாங்கியிருக்க வேண்டும்.

நான் அந்த வண்டியை எங்கேயும் இடித்ததில்லை.

அந்த வாரமே பவித்ரா புது ஹேண்டில்பார் அளவு பார்க்க வந்தாள். கையை நீட்டச் சொன்னேன். நீட்டிக்கொண்டே சொன்னாள், "அம்மாவுக்கு எடது கை முழுசா நீளாது பெரியம்மா. அதனால அவுங்க ஹேண்டில் கொஞ்சம் கிட்டக்க இருக்கும்."

"ஏன் நீளாது?"

"காலேஜ் படிக்கிறப்ப தேவிபட்டினம் ரோட்ல ஷேர் ஆட்டோக்காரன் இடிச்சுட்டானாம்ல. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் நீ வேறு கதை அல்லவா சொன்னாய்? மூன்றாம் வருஷம், பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது பெருநாள் வந்தது. நான் ஊருக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு, உனக்கு ஒரு தூக்குவாளி நிறைய பிரியாணி கொண்டு வந்தேன். உன் முழங்கையில் கட்டு இருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் புள்ள" என்றாய். நானும் நம்பி, வார்டனிடம் போய்ப் பாசியைத் தேய்த்துக் கழுவச் சொல்லிச் சண்டை வேறு போட்டேன். நீ பிரியாணியைத் தின்றுகொண்டிருந்தாய்.

எது யார் வண்டி என்று நாம் அடையாளம் கண்ட சீட்டையும் கைப்பிடித் துணியையும் அந்த மூன்று நாளில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றி வைத்திருக்கிறாய். ஒரு கையில் கட்டோடு உட்கார்ந்து, அவ்வளவு பொறுமையாக. அதைச் செய்யும்போது என்ன நினைத்தாய் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. என் முகம் ஒரு தடவையாவது வந்ததா?

மறுநாளே நான் சொன்னேன், "வண்டி எடப்பக்கமா இழுக்குது புள்ள." நீ சிரித்தாய். "மூணு நாளு பெருநாள் சோறு தின்னுட்டு வந்தா அப்படித்தான் இருக்கும்." பயிற்சி கொடுத்தவர் எனக்கு உட்காரத் தெரியவில்லை என்றார், இடுப்பு கோணல் என்றார். நான் இடுப்பைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்து பழகினேன். இரண்டாம் வாரம் வலது முழங்காலில் வலி ஆரம்பித்தது. ஹாஸ்டலுக்கு வந்ததும் தைலத்தை எடுத்துக்கொண்டு நீதான் என் காலடியில் உட்காருவாய். "விட்டுறாத புள்ள, சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாய். அந்தத் தைல வாசம் எங்கே அடித்தாலும் உன் ஞாபகம் வரும் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அணித் தேர்வுக்கான ஓட்டம் மண்டபம் ஊருக்குப் போகும் ரோட்டில் நடந்தது. உச்சிப்புளி தாண்டியதும் எனக்குக் கால் மடங்கவில்லை. இறங்கி, கருவேல மர நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். நீ என்னைத் தாண்டிப் போனாய். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். பாவம், எனக்காகத் தவிக்கிறாள் என்று நினைத்து நான் கையை ஆட்டி உன்னைப் போகச் சொன்னேன். போ, போ என்று கத்தினேன்.

நீ போனாய். அணியில் எடுத்தார்கள், பதக்கம் வாங்கினாய், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. எனக்கு அடுத்த வருஷம் நிக்காஹ் ஆனது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். வாழ்க்கை பாழாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறேன்.

இதையெல்லாம்கூட ஒரு மாதிரி விழுங்கியிருப்பேன், செல்வி. இருபது வயதில் பயந்துபோன ஒரு பிள்ளை செய்த காரியம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உன் வீட்டில் நெல்லு வித்தால்தான் பீஸ் கட்ட முடியும், அந்த வேலை இல்லையென்றால் உன்னை வயலுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வாப்பா விஷயம் இருக்கிறதே.

தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து வாப்பா லீவில் வந்தார். என்னைப் பார்க்க நீயும் பெரியபட்டினம் வந்திருந்தாய். அவர் முற்றத்தில் அந்தச் சைக்கிளை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் நாலு பேர் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது' என்று கேட்டபோதெல்லாம் எனக்காக நின்றவர் அவர். உன்னைப் பார்த்துக் கேட்டார், "நாந்தான் யூஸ் பண்ண வண்டிய வாங்கி அனுப்பிட்டேன். அதுல எதுவும் கோளாறா இருக்குமோம்மா? நீ ஓட்டுற புள்ள, நீ சொல்லு."

நீ என்ன சொன்னாய்?

"வண்டியில ஒரு கொறையும் இல்ல வாப்பா. என்னோடதும் அதே வண்டிதான? நல்லாத்தான ஓடுது."

அவரை வாப்பா என்றே கூப்பிட்டுச் சொன்னாய். உம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாய். அதோடு அவர் சக்கரத்தை விட்டுவிட்டார். "அப்ப நம்ம புள்ளைக்குத்தான் தெம்பு பத்தல" என்று உம்மாவிடம் சொன்னதை அறைக்குள்ளிருந்து கேட்டேன். ஒன்பது வருஷம் முன்பு மவுத்தாகும் வரை அப்படியே நம்பியிருந்தார். என் பையன் சைக்கிள் கேட்டபோதுகூட, "ஒங்க உம்மா மாதிரி பாதியில விட்டுறக் கூடாது" என்றுதான் சொன்னார். இதை யாரிடம் போய் நான் இப்போது திருத்துவேன்? மையவாடிக்குப் போய், அவரை அடக்கிய இடத்தில் நூல் கட்டிக் காட்டவா?

மன்னிப்புக் கேட்க உனக்கு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. என் இரண்டு பிரசவத்துக்கும் வந்தாய். வாப்பா மவுத்தான அன்றைக்கு ஜனாஸாவுக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கடைசியில் வாய் திறக்கப் பயந்து, 'நீயே பிரி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ செய்ததைக் கண்டுபிடிக்கும் வேலையைக்கூட என் தலையில் கட்டினாய். நான் கண்டுபிடிக்கும்போது திட்டுவதற்கு நீ இருக்கக் கூடாது, அதுதானே கணக்கு?

பவித்ராவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். தாயில்லாத பிள்ளை. ஆனால் அவள் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். இரண்டு சிவப்பு பிரேமும் பக்கம் பக்கமாக இருந்தன. எட்டாம் எண் நூல் கட்டியபடியே கிடந்தது.

"எதுக்குப் பெரியம்மா ரெண்டு? அம்மாவோடது எது?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. நீ சொன்ன மாதிரி சுலபமாகச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நீ கொண்டுவந்தது என்னோடதுடா. இந்தக் கோணலா இருக்கே, இதுதான் ஒங்கம்மாவோடது."

"மாறிப்போச்சா?"

"மாறிப்போகல. மாத்துனது."

ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினோரு நாள் போன் இல்லை, ஒன்றும் இல்லை. செத்துப்போனவளைப் பழிவாங்க உயிரோடு இருக்கிற பிள்ளையைக் குத்திவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் உன்னை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

"அப்பாகிட்ட கேட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஆஸ்பத்திரில ஒருநா அம்மா, 'ரகுமத்துக்கு வர வேண்டியத நான் எடுத்துக்கிட்டேன்'னு சொன்னாங்களாம். மருந்து மயக்கத்துல ஒளர்றாங்கன்னு விட்டுட்டாராம்."

"சரி விடும்மா. உள்ள வா."

"எனக்கு உங்க பிரேம் வேணாம் பெரியம்மா. எங்கம்மாவோடதக் குடுங்க."

"அது கோணல்டா. அதுல ஓட்டக் கூடாது, கால் போயிரும்."

"அப்ப நேராக்க முடியாதா?"

முடியும் செல்வி. அதுதான் விஷயம். அது இரும்புக் குழல். பின்னால் வளைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் வளைத்தால் நேராகிவிடும். அவள் முன்பாகத்தை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து அழுத்தினேன். நூல் கட்டி அளந்தோம். இருபத்தொன்பது, முப்பத்துமூன்று. மறுபடி அழுத்தினேன். முப்பத்தொன்று, முப்பத்தொன்று. சக்கரம் மாட்டும் காதுகளையும் நிமிர்த்தினேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா பெரியம்மா?"

"அவ்வளவுதான்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை, நெம்பிய கட்டையைத் தூக்கி மூலையில் எறிந்தேன். அரை நாள் வேலை! பெருநாள் முடிந்து நான் வாளியோடு வந்து நின்றபோது, 'ஆட்டோக்காரன் இடிச்சுட்டான் புள்ள' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். யாராவது ஒரு மெக்கானிக் இதே மாதிரி நிமிர்த்திக் கொடுத்திருப்பான். உனக்கும் வண்டி இருந்திருக்கும், எனக்கும் கால் இருந்திருக்கும். என் வாப்பா என்னைச் சரியாகத் தெரிந்துகொண்டு போயிருப்பார். நீ திருடியதற்குத் தேவையே இருக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானே என் வண்டியைக் கொடுத்திருப்பேன் என்பதாவது உனக்குத் தெரியுமா?

அதன் பிறகு உன் பிரேமுக்கு எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்தேன். மரை எடுத்தேன், முகம் சீவினேன், உள்ளே எண்ணெய் ஓடவிட்டேன். கோபத்தில் ஒரு திருகுகூட அரைகுறையாக விடவில்லை. பவித்ரா கூடவே இருந்து துடைத்துக் கொடுத்தாள். கோத்து முடித்து அவளை ஏற்றி அனுப்பினேன். நன்றாக ஓட்டுகிறாள். உன்னைவிடத் தலையைத் தாழ்த்தி ஓட்டுகிறாள்.

ஏழையும் கோத்தேன். இந்த முழங்காலோடு ரேஸ் ஓட்ட முடியாது என்று தெரியும். ஆனாலும் ஒரு காலையில் தேவிபட்டினம் ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு ஹேண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். இழுக்கவில்லை, நேராகப் போனது. என் வாப்பா எனக்கு நல்ல வண்டிதான் வாங்கித் தந்திருக்கிறார் செல்வி. நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி தலைத்துணி பறக்க, இரண்டு கையையும் விட்டுவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே சைக்கிளில் போனதை உப்பளத்துக்கு வேலைக்குப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தை முடிப்பேன் என்று நினைப்பாய். இல்லை. மனதில் இல்லாததை எழுத மாட்டேன். நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. இந்த ஆத்திரத்தைச் சொல்லி அழக்கூட உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். பவித்ரா சைக்கிள் ஓட்டுகிற காலம் வரை, வருஷத்துக்கு ஒரு தடவை அவள் வண்டியை முழுசாகப் பிரித்து என் கையால் அளந்து கொடுப்பேன். ஒரு மில்லி பிசகியிருந்தாலும் அன்றைக்கே, அவள் முகத்தைப் பார்த்து, அவளிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்குப் பெரியம்மா,
ரஹ்மத்